டாக்டர் குடுத்த மாத்திரைதானே

அத்தை,

இன்று காலை கேம்ப் ரோடு முனையில் இருக்கும் மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மாள். உங்கள் வயதுதான் இருக்கும். நன்றாக மடிப்பு வைத்துக் கட்டிய பருத்திப் புடவை, தோளில் கைப்பை. பையிலிருந்து ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்து, "இதுல ரெண்டு அட்டை" என்றார். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. அந்த அம்மாளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இழுப்பறையைத் திறந்தார், எடுத்தார், காகிதக் கவரில் போட்டார். அந்த அட்டை நெளியும் சத்தம் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் கொதித்துவிட்டது.

"இதுக்கு டாக்டர் சீட்டு வேணுமில்லையா?" என்று கேட்டேவிட்டேன்.

அந்த அம்மாள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டர் குடுத்த மாத்திரைதாம்மா. நான் என்ன பிராந்தியா வாங்கறேன்?"

உங்கள் வாக்கியம், அத்தை. தொனிகூட மாறவில்லை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் இந்த ஊரில் எல்லாரும் உங்கள் வசனத்தையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் இருமல் மருந்தும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது? உங்களிடம்தான். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

நான் சேலையூர் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையை விட்டு விருப்ப ஓய்வில் இருந்தீர்கள். மாமா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த வீடு உங்கள் குரலில்தான் நடக்கிறது என்று முதல் வாரமே எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனையோ வருஷம் யார் யாருக்கோ இணைப்புக் கொடுத்த குரல். அதட்டவே மாட்டீர்கள், ஆனால் நீங்கள் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தானாக நிமிர்ந்து நிற்பார். காய்கறி வண்டிக்காரர் மற்றவர்களிடம் கத்தி விற்பார், உங்களிடம் வந்து விலையைச் சொல்வார்.

தெருக்கோடியில் இருந்த பெயிண்டர் குடித்துவிட்டு வரும் நாளில் நீங்கள் கேட்டருகே போய் நிற்பீர்கள். "ரெண்டு பொண்ணைப் பெத்து வச்சுக்கிட்டு இது தேவையா உனக்கு?" அவர் தூக்கிக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, "தப்புதாம்மா. இனிமே இல்லம்மா. கோச்சுக்காத" என்று சொல்லிவிட்டுத் தள்ளாடிப் போவார். உள்ளே வந்து, "போதைன்னு ஒண்ணு வந்துட்டா மனுஷன் மனுஷனே இல்லை" என்று என்னிடம் சொல்வீர்கள். சொல்லிக்கொண்டே டம்ளரில் தண்ணீர் பிடித்து, உள்ளங்கையில் இருக்கும் அந்தக் குட்டி மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வீர்கள். அதில் விசித்திரமாக எதுவும் இருப்பதாக எனக்கும் அப்போது தோன்றவில்லை. பிரஷருக்கோ சுகருக்கோ என்று நினைத்திருந்தேன்.

மாமா போன புதிதில் தூக்கம் வராமல் தவித்தபோது பக்கத்துக் கிளினிக் டாக்டர் ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அது. அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. அவருக்கு அது நினைவிலேயே இல்லை. கடைக்காரர்கள் கேட்கவில்லை. ஒன்று இரண்டானது, இரவுக்கு மட்டும் என்றிருந்தது மத்தியானத்துக்கும் வந்தது. பிறகு "மனசு படபடன்னு இருக்கு" என்று எந்த நேரத்துக்கும் வந்தது.

எனக்கு முதலில் உறைத்தது உங்கள் பேச்சில்தான். வார்த்தைகள் வழுக்க ஆரம்பித்தன. உங்கள் அண்ணன் மகள் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்து வெகுநேரம் பேசுவாள். மறுநாள், "அவ எங்க போன் பண்றா? என்னை மறந்தே போயிட்டா" என்று கண் கலங்குவீர்கள். நேற்றுத்தானே பேசினீர்கள் என்றால், "என்னைப் பைத்தியமாக்கப் பார்க்கிறியா?" என்று சண்டை. வந்தவர்களிடம் காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டு சோபாவிலேயே தலை சாய்ந்துவிடும். அப்புறம் ஒரு நாள், பள்ளிக்கரணைப் பள்ளிக்கூடத்தில் பாடம் முடித்து நான் வீட்டுக்கு வந்தபோது, தெருவிலேயே கேஸ் நாற்றம். பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது, கேஸ் மட்டும் திறந்தபடி. நீங்கள் கூடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தீர்கள். ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு உங்களை உலுக்கி எழுப்பினால், "ஏண்டி இப்படிக் கத்தறே?" என்றீர்கள்.

அன்று வீடு முழுக்கத் தேடினேன். அரிசி டப்பாவுக்குள், தலையணை உறைக்குள், சாமி படத்துக்குப் பின்னால். எங்கே கை வைத்தாலும் அட்டை.

உங்கள் மகன் வந்ததும் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசைமேல் கொட்டினேன். நீங்கள் அசரவே இல்லை.

"திருடிட்டு வந்தேனா? டாக்டர் குடுத்த மாத்திரைதானே? நான் என்ன குடிச்சிட்டு ரோட்ல விழுந்து கிடக்கிறேனா?"

"கேஸ் திறந்திருந்தது அத்தை. தெருவே போயிருக்கும்."

"வயசானா மறதி வராதா? உங்க அம்மாவுக்கு வராதா?"

உங்கள் மகனோ ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றபடி, "சரி விடு ஹேமா. அம்மா தூங்கினா உனக்கென்ன கஷ்டம்?" என்றார். அந்த நிமிஷத்தில் உங்கள் இருவரில் யார்மேல் எனக்கு அதிக ஆத்திரம் வந்தது என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து நான் கடை கடையாய் ஏறினேன். நம் தெருமுனை மெடிக்கல் பாய் ஒருவர்தான் நின்று கேட்டார். "இனிமே நான் குடுக்க மாட்டேம்மா, அல்லா மேல சத்தியம். ஆனா ஒண்ணு சொல்றேன், நான் குடுக்கலைன்னா பக்கத்துல குடுப்பாங்க. அம்மாவைப் பார்த்தா யாருக்கும் சந்தேகமே வராது." மற்றவர்களில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "மாமியார் மருமக சண்டைக்கெல்லாம் எங்களை இழுக்காதீங்க மேடம்" என்றார்.

அதற்குப்பின் உங்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைமேல் திடீரென்று ஆசை வந்தது. அங்கே செடி மலிவு, பாத்திரம் மலிவு என்பீர்கள். காலையில் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினால் மத்தியானம் ஒரு கட்டுக் கறிவேப்பிலையோடு வருவீர்கள். உங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன், பாருங்கள்! ஒரு நாள் தாம்பரத்திலிருந்து நான் ஏறிய ஷேர் ஆட்டோக்காரர் நான் உங்கள் வீட்டுப் பெண்ணா என்று கேட்டு, உற்சாகமாகச் சொன்னார்: "உங்க மாமியாரு வாராவாரம் நம்ம வண்டிதான் மேடம். ஆனா சந்தையாண்ட எறங்க மாட்டாங்க. மெடிக்கலாண்டதான் எறங்குவாங்க. குரோம்பேட்டைல ஒண்ணு, பல்லாவரத்துல ரெண்டு மூணு. இன்னா வியாதி மேடம் அம்மாவுக்கு? பாவமா கீது."

என்ன வியாதி என்று அவருக்கு நான் எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு பெயர்கூட நம் வீட்டில் கிடையாது. பாட்டில் என்றால் ஊரே பெயர் வைத்திருக்கும். மாத்திரை என்றால் பாவம் என்கிறார்கள்.

இதை நான் வந்து சொன்னபோதுதான் உங்கள் மகனுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் முறையாக வந்ததா? அதுவும் இல்லை. இருந்த மாத்திரை அத்தனையையும் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு, "இன்னையோட முடிஞ்சது" என்று வீராப்பாகச் சொன்னார். நீங்கள் வெளியே போகாதபடி கேட்டைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போனார். உங்களுக்குக் கை நடுங்கியது, வேர்த்து ஊற்றியது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்றீர்கள், எறும்பே இல்லை. மூன்றாம் நாள் காலை கூடத்திலேயே கண் செருகி, பல் கிட்டி, வலிப்பு வந்து விழுந்தீர்கள். உங்கள் மகன் கேட்டைத் திறந்துவிட, எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்து தூக்கினார்கள்.

குரோம்பேட்டையில் உங்களைப் பார்த்த மனநல மருத்துவர் ஓர் இளம்பெண். அவர் உங்கள் மகனை வாங்கு வாங்கென்று வாங்கியதை நான் மறக்கவே மாட்டேன். "திடீர்னு நிறுத்தினா உயிரே போகும் சார். உடம்பு இத்தனை வருஷமா இதுக்குப் பழகியிருக்கு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும், மாசக்கணக்கா ஆகும். முதல்ல எழுதினவரு இதைச் சொல்லலையா?" அவர் முகத்திலும் நான் பார்த்தது எரிச்சல்தான். தினமும் இப்படி யாரையாவது கொண்டுவந்து போடுகிறார்கள் போலிருக்கிறது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. என்னைத் தவிர இன்னொருவருக்கும் கோபம் வருகிறதே!

உங்கள் தம்பிதான் காட்டாங்குளத்தூரிலிருந்து போன் செய்து குதித்தார். கல்லூரி ஆபீஸில் வேலை பார்ப்பவர், நாலு பேருக்கு யோசனை சொல்பவர். "எங்க அக்காவைப் பைத்தியக்கார டாக்டர்கிட்டயா கூட்டிட்டுப் போனே? வெளியில தெரிஞ்சா என்ன ஆகும்?" நீங்கள் வலிப்பு வந்து விழுந்தது அவருக்குப் பரவாயில்லை. டாக்டர் பெயர்ப்பலகைதான் அவமானம்.

குறைக்க ஆரம்பித்தோம். அந்த மாதங்களில் நீங்கள் என்னைத் திட்டியதைத் தொகுத்தால் ஒரு புத்தகம் வரும். பிளேடால் மாத்திரையை நான் வெட்டித் தரும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பரிசோதிப்பீர்கள். "இது பாதியா? உன் கண்ணுக்கு இது பாதியா?" அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும், "ஒரு மாத்திரைக்குக்கூட எம் மருமககிட்ட கையேந்தறேன்" என்று சொல்லிவைத்தீர்கள். அவர்களும் என்னைக் கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாமியாருக்கு மருந்து கொடுக்காத மருமகள். இந்தப் பட்டத்தோடு நான் மார்க்கெட்டுக்குப் போய் வந்தேன், அத்தை.

ஆனால் நீங்கள் திரும்பி வந்துகொண்டும் இருந்தீர்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். பேப்பரை முழுதாகப் படித்துவிட்டு உங்கள் மகனோடு அரசியல் சண்டை போட்டீர்கள். கோயம்புத்தூர்ப் பெண் சொன்னதை மறுவாரம் நினைவாகக் கேட்டீர்கள். எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு உங்களை அழைத்துப்போனேன். போகும் வழியில் பேருந்து சதுப்புநிலத்தைக் கடந்தபோது ஜன்னல் பக்கமாக என் கையை இழுத்தீர்கள். ஒரு பக்கம் குப்பைமேடு புகைந்துகொண்டிருந்தது. அதன் அருகே ஆழமில்லாத தண்ணீரில் இளஞ்சிவப்பாகப் பறவைகள், கால் நீளமாக. "எங்கிருந்தோ பறந்து வந்து, இந்தக் குப்பைக்கு நடுவுலதான் நிக்கணுமா? வேற இடமே கிடைக்கலையா இதுங்களுக்கு?" என்றீர்கள். பேருந்தில் பக்கத்து சீட்டுப் பெண் சிரித்துவிட்டாள். நீங்களும் சிரித்தீர்கள். உங்களுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகி அத்தனை வருஷத்துக்குப் பிறகு!

கால் மாத்திரை வரைக்கும் வந்துவிட்டோம். இன்னும் கொஞ்சம்தான் என்றார் டாக்டர். அந்தச் சமயத்தில் காஞ்சிபுரத்தில் என் சித்தப்பா மகன் கல்யாணம். உங்கள் தம்பி வந்து துணைக்கு இருக்கிறேன் என்றார். எல்லாம் எழுதியும் சொல்லியும் வைத்துவிட்டுத்தான் நாங்கள் கிளம்பினோம்.

மறுநாள் காலை முகூர்த்தம் முடிவதற்குள் போன் வந்தது. "அக்கா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. சோப்புத் தண்ணி போலருக்கு."

சோப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. தலையணைக்குக் கீழே புது அட்டை இருந்தது. உங்கள் தம்பியிடம் கேட்டால், செய்தது தர்மம் என்ற முகத்தோடு சொன்னார்: "கண்ணெல்லாம் சிவந்து கிடந்தா. பார்க்கச் சகிக்கல. ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கட்டுமேன்னு வாங்கிக் குடுத்தேன். நம்ம காலேஜ் பக்கத்துல எந்தக் கடையிலயும் குடுப்பான், பசங்களே வாங்கறானுங்க." நீங்கள் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டுவிட்டீர்கள். உடம்பு பழைய உடம்பாக இல்லை.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது என்றார்கள். அன்று சாயங்காலம் நானும் உங்கள் தம்பியும் வார்டில் இருந்தோம். நர்ஸ் ஒருத்தி சின்னக் கோப்பையில் மாத்திரைகளோடு வந்தாள். நீங்கள் வாயை இறுக மூடிக்கொண்டீர்கள்.

"தூங்கறதுக்கும்மா. போட்டுக்குங்க."

"எம் மருமகளைக் கேட்டுட்டுக் குடு."

"பேஷண்ட் நீங்களா அவங்களா?"

"கேளுன்னா கேளு. எனக்கு எவ்வளவுன்னு அவளுக்குத்தான் தெரியும்."

உங்கள் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வெளியே போய் குரோம்பேட்டை டாக்டருக்குப் போன் செய்து கேட்டு, நர்ஸிடமும் பேசவைத்துவிட்டு வந்தேன். மாத்திரையை விழுங்கிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "அவன்மேல கோச்சுக்காதே. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்."

டாக்டர் கொடுத்தது என்று சொல்லாமல் நீங்கள் அந்த மாத்திரையைப் பற்றிப் பேசியது அந்த ஒரே முறைதான். தெரிந்தால் ஏன் போட்டீர்கள் என்று கத்த வேண்டும் போல வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போர்வையை இழுத்துவிட்டேன்.

பிறகு நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல் இறங்கவில்லை. ஒரு வாரம்கூட நீங்கள் தாங்கவில்லை.

சாவுக்கு வந்தவர்களிடம் உங்கள் தம்பி, "தூக்கமில்லாமயே உடம்பு கெட்டுப்போச்சு அக்காவுக்கு. மாத்திரையைக் குறைச்சுக் குறைச்சு…" என்று சொல்ல ஆரம்பித்தார். நான் வாய் திறப்பதற்குள் உங்கள் மகன் எழுந்தார். "மாமா, போதும். நிறுத்துங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்காகப் பேசிய முதல் பேச்சு அது. அதற்கு நீங்கள் சாக வேண்டியிருந்தது. அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

காரியம் முடிந்த பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று. ஆபீஸில் யாரோ சொல்ல, அதே பக்கத்துக் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். அதே டாக்டர். அதே பெயர் எழுதிய சீட்டு, ஒரு வாரத்துக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, புது அட்டையைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தார்.

"உன்னைக் கேட்டுட்டுப் போடலாம்னு பார்த்தேன்" என்றார்.

உட்காருங்கள் என்றேன். உங்களைப் பற்றி எதையாவது சொல்லுங்கள் என்றேன். மெதுவாகச் சொன்னார். மாமா இறந்த நான்காம் நாளே நீங்கள் வேலைக்குக் கிளம்பிவிட்டீர்களாம். வீட்டில் யாரும் நீங்கள் அழுது பார்க்கவில்லையாம். அவர் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். நீங்கள் அழாதது அவருக்குப் பெரிய தைரியமாக இருந்ததாம். சொல்லும்போதே அவர் அழுதுவிட்டார். அழட்டும் என்று விட்டேன்.

அந்த அட்டையை மறுநாள் மெடிக்கல் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்து, வேண்டாம் என்றோம். தூக்கம் உடனே வந்துவிடவில்லை. பல நாள் விடியற்காலையில் இரண்டு பேரும் தாம்பரம் சானடோரியம் வரைக்கும் நடந்துவிட்டு வந்தோம். வழியில் அவர் பேசுவார், நான் திட்டுவேன்; உங்களையும் சேர்த்துத்தான். இப்போது அவர் தூங்குகிறார், அத்தை. குறட்டை தாங்க முடியவில்லை.

எதிர்வீட்டு அம்மாள் போன வாரம் ஒரு சீட்டோடு வந்தார். அன்று உங்களைத் தூக்க ஓடி வந்தவர், பிறகு கோயிலில் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டவரும் அவர்தான். "ஹேமா, இது என்ன மாத்திரைன்னு பாரேன். எத்தனை நாள் போடலாமாம்?" என்றார். எழுதியவரிடமே கேட்க வேண்டியதுதானே என்று வாய்வரைக்கும் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, அதைக் கேட்க அவரோடு நானும் போனேன்.